சுமைகாரர்கள் போட்ட கூடாரம்

1909 ஏப்ரல். மொம்பாசா துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்ட ரயிலில், எஞ்சினுக்கு முன்னால் ஒரு பலகை இருக்கை போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து, இருபுறமும் மேய்ந்துகொண்டிருந்த வரிக்குதிரைகளையும் ஒட்டகச்சிவிங்கிகளையும் பார்த்தபடி வந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். ஏழு வாரங்களுக்கு முன்புவரை அமெரிக்காவின் அதிபராக இருந்தவர். கபிட்டி சமவெளி என்ற சிறிய நிலையத்தில் அவர் இறங்கியபோது அங்கே ஒரு சிற்றூரே எழும்பி நின்றது. வெள்ளைக்காரர்களுக்குப் பெரிய கித்தான் கூடாரங்கள். சாப்பாட்டுக்குத் தனிக்கூடாரம். ரூஸ்வெல்ட்டின் கூடாரத்துக்கு மேலே அமெரிக்கக் கொடி, பின்பக்கம் குளிப்பதற்கு ஒரு தடுப்பு. இவற்றைத் தாண்டிச் சுமைகாரர்களின் சின்னக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. சுமைகாரர்கள் மட்டும் இருநூறு பேருக்கு மேல்.

ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக விலங்குகளைச் சேகரிக்கும் பயணம் என்பதால், தோல்களைப் பதப்படுத்த 4 டன் உப்பு வந்திருந்தது. முன்னாள் அதிபர் படிப்பதற்கென்றே பன்றித்தோல் அட்டை போட்ட சுமார் 60 புத்தகங்கள் ஓர் அலுமினியப் பெட்டியில் வந்தன. பெட்டியின் எடை 60 பவுண்டைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஒரு மனிதன் தலையில் சுமக்கும் எடை அதுதான். கிட்டத்தட்ட 27 கிலோ. ஷேக்ஸ்பியரும் ஹோமரும் ஆப்பிரிக்கச் சமவெளியில் ஒருவரின் தலையில்தான் பயணம் செய்தார்கள்.

அந்தப் பயணம்தான் சஃபாரியை உலகமறிந்த சொல்லாக்கியது. சிங்கம் கர்ஜிக்கும் இரவில் ராந்தல் வெளிச்சத்தில் மேசை விரிப்புப் போட்டு உணவருந்தும் காட்சி அன்றிலிருந்து புத்தகங்களில் வந்தது, பிறகு திரைப்படங்களில் வந்தது, இன்று சுற்றுலா விளம்பரங்களில் வருகிறது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நிறைய எழுதினார்கள். ஆனால் கொடிய விலங்குகள் நடமாடும் இடத்தில் எங்கே படுக்கலாம், எந்த மரத்தடியில் படுக்கக் கூடாது, தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி நெருப்பு மூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கொண்டுவந்த அறிவில்லை. சுமந்தவர்களின் அறிவு அது. ரூஸ்வெல்ட் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்தப் பாதைகளில் அது புழங்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்சிபார் தீவை மையமாகக் கொண்டு நடந்த தந்த வணிகம்தான் அந்தப் பாதைகளை உண்டாக்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தர வீடுகளுக்குள் பியானோ நுழைந்த காலம். பியானோவின் கட்டைகளுக்கும் பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கும் தந்தம் வேண்டியிருந்தது. பம்பாய்க்கும் கப்பல் கப்பலாகப் போனது. கடற்கரையில் இருந்த பகமோயோவிலிருந்து தபோரா வழியாக டாங்கனிக்கா ஏரிக்கரையின் உஜிஜி வரை மாதக்கணக்கில் நடந்துபோகும் வணிகக் கூட்டங்கள் புறப்பட்டன. மாட்டு வண்டியோ கழுதையோ அங்கே உதவாது. வழியெங்கும் செட்சி ஈக்கள். அவை கடித்தால் மாடும் குதிரையும் நோய் கண்டு மாண்டுபோகும். ஆகவே எல்லாச் சரக்கும் மனிதத் தலைகளிலும் தோள்களிலும்தான் போயாக வேண்டும்.

போகும்போது துணி, மணி, பித்தளைக் கம்பி, வரும்போது தந்தம். துணிகளில் இரண்டுக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைக் கோராத் துணி, அதற்கு 'மெரிக்கானி' என்று பெயர். மற்றது இந்தியாவிலிருந்து போன நீலச் சாயத் துணியான 'கனிக்கி'. வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு தலைவருக்கும் சுங்கமாக இவற்றைத்தான் அளந்து கொடுத்தார்கள்.

சுமந்தவர்களில் பேர்பெற்றவர்கள் தபோராவைச் சுற்றியுள்ள நியாம்வேசி மக்கள். கடலைப் பார்த்துத் திரும்பிய இளைஞனுக்கே ஊரில் மதிப்பு என்ற அளவுக்கு, சுமைப் பயணம் அவர்களிடையே ஆண்மைக்கு அடையாளமாகிவிட்டிருந்தது. கூலி பேசித்தான் வந்தார்கள். பேசிய கூலி கிடைக்காவிட்டால் சுமையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் அதே பாதையில் கழுத்தில் நுகம் பூட்டப்பட்டு அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. டிப்பு டிப் போன்ற பெருவணிகர்கள் தந்தத்தையும் அடிமைகளையும் சேர்த்தே வணிகம் செய்தார்கள். சஃபாரியின் கதையை எங்கிருந்து தொடங்கினாலும் இந்த ரத்தக்கறையைத் தாண்டிப் போக முடியாது.

கூட்டத்தின் முன்னால் கொடியோடு நடப்பவர் 'கிராங்கோசி'. வழி தெரிந்தவர், பாட்டு எடுத்துக் கொடுப்பவர். விடியுமுன் கிளம்பி, வெயில் உச்சிக்கு வருமுன் அன்றைய நடையை முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. சிலர் தண்ணீருக்கு, சிலர் விறகுக்கு. மீதிப்பேர் வேல மரங்களின் முட்கிளைகளை வெட்டி இழுத்து வந்து வட்டமாக அடைப்பார்கள். நம் கீதாரிகள் கிடை ஆடுகளுக்குப் பட்டி அடைப்பதுபோல, உள்ளே மனிதர்களுக்கு ஒரு பட்டி. அதற்குப் 'போமா' என்று பெயர். கிளைகளின் அடிப்பக்கம் உள்நோக்கியும் முள் அடர்ந்த நுனி வெளியே பார்த்தும் இருக்க வேண்டும். நடுவில் சரக்கு, சுற்றிலும் சிறு சிறு நெருப்பு. ஒரு நெருப்புக்கு ஐந்தாறு பேர், அவர்களே ஒரு சமையல் கூட்டு. இரவு முழுக்க யாராவது ஒருவர் எழுந்து விறகைத் தள்ளிக்கொண்டே இருப்பார். கித்தான் கூடாரம் இருந்தால் அது தலைவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு வானம்தான், மழைக்காலமானால் புல்லும் இலைதழைகளும் வேய்ந்த குடில்.

பர்ட்டனும் ஸ்பீக்கும் 1857இல் டாங்கனிக்காவை நோக்கிப் போனதும், ஜோசப் தாம்சன் 1883இல் மாசாய் நாட்டின் ஊடே நடந்ததும் இந்த முறையில்தான். புதிய நிலத்தைக் கண்டுபிடித்ததாக வரலாற்றில் பெயர் வாங்கியவர்கள், அதற்கு முன்பே அந்த வழியில் பலமுறை போய் வந்தவர்களின் பின்னால் நடந்தார்கள்.

இந்த அறிவு இல்லாமல் விலங்குகளின் நடுவே கூட்டமாகக் கூடாரம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடூரமான உதாரணம் இருக்கிறது. அதில் மாண்டவர்களில் இந்தியர்களும் பலர்.

மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போடும் வேலையை பிரிட்டிஷ் அரசு 1896இல் தொடங்கியது. அதற்காக இந்தியாவிலிருந்து, முக்கியமாகப் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 தொழிலாளர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பாதை முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் நோயிலும் விபத்திலும் இறந்துவிட்டார்கள். 1898 மார்ச்சில் சாவோ ஆற்றுக்குப் பாலம் கட்ட ஜான் ஹென்றி பேட்டர்சன் என்ற பொறியாளர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, இரவுகளில் கூடாரங்களிலிருந்து ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள். பிடரிமயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் அவர்களை இழுத்துச் சென்றன.

உங்கன் சிங் என்ற சீக்கிய ஜமேதார் இறந்த விதத்தைப் பேட்டர்சன் எழுதியிருக்கிறார். ஒரே கூடாரத்தில் பல பேர் படுத்திருந்தார்கள். கூடாரத்தின் வாய் திறந்திருந்தது. வாசலுக்கு மிக அருகில் படுத்திருந்தவர் உங்கன் சிங். சிங்கம் தலையை உள்ளே நீட்டி அவர் கழுத்தைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. கூட இருந்தவர்கள் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள். வேறென்ன செய்ய முடியும்?

அதன் பிறகு தொழிலாளர்கள் முள்ளை உயரமாக அடைத்தார்கள், தகர டின்களைத் தட்டிக்கொண்டு விழித்திருந்தார்கள், பெரிய நெருப்பு வளர்த்தார்கள். சிங்கங்கள் முள்ளுக்குள் வழி கண்டுபிடித்து நுழைந்தன. மருத்துவமனைக் கூடாரத்தைக்கூட விடவில்லை. சிலர் மரக்கிளைகளில் கட்டிலைக் கட்டித் தூங்கினார்கள். சிலர் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். சிலர் கூடாரத்துக்குள்ளேயே குழி தோண்டி, மேலே மரத்துண்டுகளை அடுக்கி, உள்ளே படுத்தார்கள். கடைசியில் நூற்றுக்கணக்கானோர் தண்டவாளத்தில் விழுந்து படுத்து, வந்த ரயிலை நிறுத்தி, அதில் ஏறிப் போய்விட்டார்கள். மூன்று வாரங்கள் பால வேலை நின்றது. அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. துப்பாக்கியும் இல்லாமல், அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லித்தர ஆளும் இல்லாமல், மாதக்கணக்கில் அப்படி ஓர் இருட்டில் வேலை செய்தவர்கள் ஓடியதில் எந்த இழிவும் இல்லை.

பேட்டர்சன் முதல் சிங்கத்தை 1898 டிசம்பர் 9 அன்றும், இரண்டாவதை டிசம்பர் 29 அன்றும் சுட்டார். முதல் சிங்கத்தின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். 28 இந்தியத் தொழிலாளர்களும் கணக்கில் வராத ஆப்பிரிக்கர்களும் பலியானதாகத் தன் நூலில் எழுதியவர், பிற்பாடு 135 பேர் என்றார். எலும்பையும் மயிரையும் ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டும் சேர்ந்து தின்றது சுமார் 35 பேராக இருக்கலாம் என்று கணித்தது. தோல்களை அவர் வீட்டில் தரைவிரிப்பாகப் போட்டு வைத்திருந்து, 1924இல் 5,000 டாலருக்குச் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு விற்றார். அந்தச் சிங்கங்களின் பற்குழிகளில் ஒட்டியிருந்த மயிர்களை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை இவற்றோடு மனித மயிரும் இருப்பதை 2024இல் உறுதிசெய்தார்கள்.

சிங்கங்கள் ஏன் மனிதர்களைத் தேடி வந்தன? ஒன்றின் கோரைப்பல் வேரோடு சிதைந்திருந்தது. வலுவான இரையை அடிப்பது அதற்கு வலி. 1890களில் பரவிய மாட்டுக் கொள்ளைநோய் காட்டெருமைகளையும் மாடுகளையும் அழித்திருந்தது. இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. சாவோ ஆற்றைக் கடந்துதான் பழைய வணிகப் பாதை போனது. தளர்ந்து விழுந்த சுமைகாரர்களையும் அடிமைகளையும் அந்த வழியில் அப்படியே விட்டுச் செல்வது வழக்கம். மனித இறைச்சியின் ருசியை அங்கே சிங்கங்களுக்குக் காட்டியது மனிதர்கள்தான் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ரயில் 1899இல் நைரோபியை எட்டியது, 1901இல் ஏரியை. சதுப்பு நிலத்தில் சரக்குக் கிடங்காகத் தொடங்கிய நைரோபி, பத்தே ஆண்டுகளில் வேட்டைக்காரர்களின் தலைநகரமானது. 1904இல் நார்ஃபோக் ஹோட்டல் திறந்தது. நியூலேண்டு, டார்ல்டன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் நடத்திய நிறுவனம், ஒரு தந்தி அடித்தால் போதும், கூடாரம், உணவு, ஆள், துப்பாக்கி எல்லாம் தயார் செய்து வைத்தது. ரூஸ்வெல்ட்டின் பயணமும் அவர்கள் ஏற்பாடுதான். வழியெங்கும் சிற்றூர்களில் கடை போட்டிருந்தவர்கள் இந்தியர்கள். கட்ச்சிலிருந்து சிறுவனாகப் போன அலிதினா விஸ்ராமின் கடைகள் கடற்கரையிலிருந்து உகாண்டா வரை வரிசையாக இருந்தன. அன்றைய பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவில் செல்லுபடியான நாணயமும் இந்திய ரூபாய்தான்.

வேட்டை உரிமத்துக்கு 50 பவுண்டு. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் எண்ணிக்கை வரம்பு இருந்தது. சிங்கத்துக்கு வரம்பே கிடையாது. அதைத் தொல்லை தரும் பிராணியாகவே சட்டம் கருதியது. ரூஸ்வெல்ட்டும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்டவை 512 விலங்குகள். அவற்றில் 17 சிங்கங்கள், 11 யானைகள், 20 காண்டாமிருகங்கள். அறிவியலுக்காக என்ற காரணத்தை ஒப்புக்கொண்டாலும் இந்த எண்ணிக்கையை இன்று படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

சுமைகாரருக்கு மாதக் கூலி சுமார் 10 ரூபாய். நாளுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ மாவு படி. அதற்குப் 'போஷோ' என்று பெயர். ஒரு கம்பளி, ஒரு பனியன், ஒரு தண்ணீர்க் குப்பி. அவர்களுக்கு மேலே கூடாரப் பணியாளர்கள், துப்பாக்கி தூக்குபவர்கள், காவலர்களான 'அஸ்காரி'கள், எல்லாருக்கும் தலைவராக ஒரு மேஸ்திரி. ரூஸ்வெல்ட் தன் ஆட்களின் பெயர்களை எழுதி வைத்தது நல்லதாயிற்று. துப்பாக்கி தூக்கியவர்கள் முகம்மதுவும் பக்காரியும். கூடாரத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் அலியும் பில்லும். பெரும்பாலான முகாம்களில் இந்தப் பெயர்கள்கூட மிஞ்சவில்லை.

முகாமின் சமையல்காரரைப் பற்றி அன்றைய பயணிகள் எல்லாரும் ஒரே குரலில் வியந்திருக்கிறார்கள். மூன்று கல், கொஞ்சம் விறகு, காலியான மண்ணெண்ணெய் டின்கள். இவைதான் அவருடைய சமையலறை. டின்னைத் தணல்மேல் கிடத்தி, மேலேயும் தணலைப் பரப்பினால் அது அடுப்பு; அதில் ரொட்டி பொங்கி வரும். அதே டின்னில் வெந்நீர், அதே டின்னில் இறைச்சிக் குழம்பு. நாள் முழுக்கப் பதினைந்து இருபது கிலோமீட்டர் நடந்துவிட்டு, மாலையில் நான்கு வகைச் சாப்பாடு சமைத்துப் பரிமாறிய அந்தக் கைகளுக்குத்தான் சஃபாரியின் சொகுசு என்ற பெயருக்கு உரிமை உண்டு.

1914இல் போர் வந்தது. ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவை எதிர்த்து பிரிட்டன் நடத்திய சண்டைக்கும் செட்சி ஈதான் எல்லை வகுத்தது. குதிரைகள் செத்தன, லாரிகள் சேற்றில் புதைந்தன. முகாம்களில் சுமந்து பழகியவர்களையும், சுமந்தே பழகாத உழவர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் போனார்கள். மலேரியா, வயிற்றுப்போக்கு, அரைப்பட்டினி. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 90,000க்கும் மேற்பட்ட சுமைகாரர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோருக்குக் கல்லறையில்லை. அவர்களின் படைப்பிரிவின் ஆங்கிலப் பெயர் திரிந்து, நைரோபியில் 'கரியோக்கோர்' என்றும் தார் எஸ் சலாமில் 'கரியாக்கூ' என்றும் சந்தைப் பகுதிகளுக்குப் பெயராக நிலைத்திருக்கிறது. சஃபாரி பற்றிய பளபளப்பான புத்தகங்களில் இந்த அத்தியாயம் வருவதே அரிது.

போருக்குப் பிறகு மோட்டார் வண்டி வந்தது. நூறு பேர் சுமந்ததை இரண்டு லாரிகள் சுமந்தன. பழைய சுமைப் பயணம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மறைந்துபோனது. கூடவே ஒரு கேவலமும் வந்தது: ஓடும் காரிலிருந்து சிங்கங்களைச் சுட்டுத் தள்ளுவது. வேல்ஸ் இளவரசரை 1928இலும் 1930இலும் வேட்டைக்கு அழைத்துப் போன டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் இதைக் கண்டித்து லண்டன் 'டைம்ஸ்' இதழில் எழுதினார். வேட்டையைத் தொழிலாகக் கொண்டவரே இப்படிக் குரல் எழுப்பியதற்கு மதிப்பு இருந்தது. செரெங்கெட்டியில் வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்ததில் அவருக்கும் பங்குண்டு. 1931இல் தன் சிறு விமானம் வோய் அருகே விழுந்து அவர் இறந்தார்.

துப்பாக்கிக்குப் பதில் கேமராவோடு காத்திருக்கலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஜெர்மானியர் கார்ல் கியார்க் ஷில்லிங்ஸ் முக்கியமானவர். மின்வெட்டொளி கொளுத்தி இரவில் அவர் எடுத்த சிங்கப் படங்கள் 1905இல் நூலாக வந்தபோது ஐரோப்பா அசந்துபோனது. இருட்டில் முகாமைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதை வீட்டில் இருந்தபடி மக்கள் கண்டது அதுவே முதல் முறை. பின்னர் அமெரிக்கத் தம்பதி மார்ட்டின், ஓசா ஜான்சன் 1924 முதல் 1927 வரை கென்யாவின் வடக்கே மார்சபிட் மலையின் ஏரிக்கரையில் குடியிருந்து திரைப்படம் எடுத்தார்கள். ஓசா அங்கே காய்கறித் தோட்டம்கூடப் போட்டிருந்தார்.

ஜிம் கார்பெட்டின் குமாவுன் வேட்டைக் கதைகளைத் தமிழிலும் படித்திருப்பார்கள் பலர். அவருடைய கடைசி ஆண்டுகள் கென்யாவின் நியேரியில் கழிந்தன. அருகே அபெர்டேர் காட்டில் ஓர் அத்திமரத்தின் மேல் 1932இல் கட்டிய 'ட்ரீடாப்ஸ்' என்ற மரவீடு இருந்தது. 1952 பிப்ரவரி 5 அன்று இளவரசி எலிசபெத் அங்கே தங்கிய இரவில் துணையாக இருந்தவர் கார்பெட். அந்த இரவு விடிவதற்குள் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் அரசர் ஆறாம் ஜார்ஜ் இறந்துவிட்டார். மரத்தில் ஏறும்போது இளவரசியாக இருந்தவர் இறங்கும்போது அரசி. இந்தக் கதையைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. ஆனால் இரண்டே ஆண்டுகளில், நிலத்தை இழந்த கிக்கூயு மக்களின் மாவ் மாவ் போராளிகள் அந்த மரவீட்டைக் கொளுத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

நிலம் பற்றிய அந்தக் கேள்வி தேசியப் பூங்காக்களோடும் சேர்ந்தே வந்தது. நைரோபி பூங்கா 1946இல், சாவோ 1948இல், செரெங்கெட்டி 1951இல். விலங்குகளைக் காத்ததில் இவற்றின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் செரெங்கெட்டியில் மாசாய் மக்கள் தலைமுறைகளாக மாடு மேய்த்து வந்தார்கள். முள்ளடைப்புக்கு நடுவில் மாடுகளைக் கட்டி, சுற்றிலும் குடிசை போட்டு, சிங்கத்துக்கும் யானைக்கும் இடையே தூங்கி எழுந்தவர்கள் அவர்கள். 1959இல் அவர்களை வெளியேற்றி, பக்கத்திலுள்ள ஙோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் அண்மைய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹன்தேனி மாவட்டத்துக்கு மாசாய் குடும்பங்களை அனுப்பும் திட்டம் நடக்கிறது. காட்டு விலங்குகளோடு ஒரே நிலத்தில் உறங்கும் கலையை யாரைவிடவும் நன்றாக அறிந்த மக்கள் வெளியே போக, அதையே ஓர் இரவுக்குக் காசு கொடுத்து வாங்குபவர்கள் உள்ளே வருகிறார்கள். இது அநியாயம்.

கென்யா 1977 மே மாதத்தில் வேட்டையை முழுமையாகத் தடை செய்தது. தொழில்முறை வேட்டைக்காரர்களின் சங்கம் கலைந்தது. பலர் கேமராப் பயணங்களை நடத்தத் தொடங்கினார்கள். அதற்குள்ளாகவே நிலையான கூடார முகாம் என்ற ஏற்பாடு வேரூன்றியிருந்தது. மாசாய் மாராவில் 1972இல் தொடங்கிய கவர்னர்ஸ் கேம்ப் அதற்குப் பெயர்போனது. கூடாரத்துக்குள் கட்டிலும் குழாயில் வெந்நீரும் வந்தன. ஆனால் சுற்றி வேலி போடவில்லை. செரெங்கெட்டியின் செரோனேராவில் உள்ள எளிய பொது முகாம்களுக்கும் இன்றுவரை வேலி கிடையாது.

வேலியில்லாத அந்த இடங்களில் இரவு எப்படிக் கழிகிறது? விதிகள் எல்லாம் பழையவை. கூடாரத்தை முழுக்க மூடிவிட வேண்டும்; மூடிய கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு சிங்கம் வருவது மிக மிக அரிது என்பது வழிகாட்டிகளின் நீண்ட அனுபவம். திறந்த வாசலருகே படுத்திருந்த உங்கன் சிங்கின் முடிவை நினைத்தால் இந்த விதியின் அருமை புரியும். உள்ளே பழம் வைக்கக் கூடாது. ஆரஞ்சின் வாசனைக்கு யானை வந்தால் துணிச்சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. செருப்பை வெளியே விட்டால் கழுதைப்புலி கவ்விக்கொண்டு போகும், தோல் என்றால் அதற்கு உயிர். நீர்யானை இரவில் கரையேறிப் புல் மேயும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மனிதன் நிற்கக் கூடாது. இருட்டிய பின் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போக வேண்டுமானால் டார்ச்சால் சைகை காட்டினால் போதும், காவலர் வந்து அழைத்துச் செல்வார். மாராவில் அவர் பெரும்பாலும் கையில் ஈட்டி வைத்திருக்கும் ஒரு மாசாய் இளைஞராகவே இருப்பார். இரவில் கேட்ட உறுமல் எவ்வளவு தூரத்தில் இருந்து வந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைக் காலையில் அவர் விரல் நீட்டிச் சொல்வார்.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. மாராவைச் சுற்றி மாசாய் நில உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் நிலத்தை முகாம் நடத்துவோருக்கு மாத வாடகைக்கு விடுகிறார்கள். நிலம் அவர்கள் கையிலேயே இருக்கிறது, மாடுகளும் முறை வைத்து மேய்கின்றன. வேட்டைக் காலத்தில் சுமை தூக்கிப் போனவர்களின் வாரிசுகள் இன்று தேர்வெழுதிச் சான்று பெற்ற வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். பறவைகளின் அறிவியல் பெயர் உட்பட அவர்கள் அறியாதது குறைவு.

தலைச்சுமை மட்டும் ஓர் இடத்தில் இன்னும் ஒழியவில்லை. கிளிமஞ்சாரோவில் ஏறுபவர்களின் கூடாரம், அடுப்பு, உணவு எல்லாம் இன்றும் சுமைகாரர்கள் மூலமாகவே மேலே போகின்றன. ஒருவருக்கு 20 கிலோ என்று பூங்கா விதி இருக்கிறது. நுழைவாயிலில் தராசும் இருக்கிறது. ஆனாலும் குறைந்த விலைக்கு அழைத்துப்போகும் நிறுவனங்கள் சிலவற்றின் சுமைகாரர்கள் அரைவயிற்றுச் சாப்பாட்டோடும், குளிருக்குப் போதாத உடையோடும் உறங்க வேண்டியிருக்கிறது.

கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ போகத் திட்டமிடும் வாசகர்கள் இப்போது தமிழ்நாட்டிலும் பெருகிவருகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஏற்பாடு செய்பவரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். சமையல்காரரும் ஓட்டுநரும் சுமைகாரரும் எங்கே உறங்குவார்கள்? அவர்களுக்கு ஒழுங்கான கூடாரமும் மூன்று வேளை உணவும் உண்டா? கூலி எவ்வளவு, அதை எப்போது கொடுப்பார்கள்? தெளிவான பதில் வராவிட்டால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். விலை சற்று அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை.